முன்பக்கம் பத்தடி

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டை,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் குய்யென்கிறது. பேசினால் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச முடியாது. நம் இருவருக்கும் அதுதான் சரி.

நடந்தது இதுதான். நம் தெருமுனை விளக்குக் கம்பத்தில் நகராட்சிக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இதுவரை நம் தெருவில் தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடிதான் கட்டலாம், தெருப்பக்கம் பத்தடி காலியாக விட வேண்டும். இனிமேல் நான்கு மாடி போகலாம், முன்னால் நாலடி விட்டால் போதும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம், மார்ச் கடைசியில் கூட்டம்.

உண்மையைச் சொல்கிறேன், இப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லார் வீடும் ஒரே வரிசையில் பின்னால் தள்ளி நிற்கிறதே, அது கட்டினவர்களின் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். சட்டமாம்.

எதிர்வீட்டு டீச்சர் எதிர்ப்பு மனுவோடு வந்தார். நான் நாள் முழுக்க ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறையில் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தால் முன்னறையில் நாலு மணி வெயில் தரையில் விழுந்திருக்கும். அதில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் நான் மனுஷி. பக்கத்தில் நான்கு மாடி எழும்பினால் அது போச்சு. கையெழுத்துப் போட்டேன்.

"வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு? தம்பி கையெழுத்து வேணாமா?" என்று டீச்சர் கேட்டார்.

"அவன் வெளியூர்ல இருக்கான்."

"அப்ப நீங்களே போட்டுடுங்க. அவர் என்ன, வேணாம்னா சொல்லப்போறாரு?"

போட்டுவிட்டேன். நீ வேண்டாம் என்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. போனில் சொன்னதும் அப்படிக் கத்துகிறாய்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் நேற்று மதில் ஓரமாக வந்து, "உங்க தம்பி எனக்குப் போன் பண்ணி, புது விதி வந்தா எவ்வளவு கட்டலாம்னு விசாரிச்சாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். நான் முழித்த முழியைப் பார்த்து, மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறவள் என்று முடிவு செய்திருப்பார்.

குட்டை, வீட்டை விற்கப் போகிறாயா? என்னிடம் கேட்காததை ஏன் பக்கத்து வீட்டில் கேட்கிறாய்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

என் கையெழுத்தை நீ போட்டது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விற்கவில்லை. விற்கும் எண்ணமும் இல்லை. அவரிடம் ஒரு தகவல் கேட்டேன், அவ்வளவுதான். உன்னிடம் கேட்டிருந்தால் எதற்கு என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல நான் தயாராக இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் க்ரேனில் உட்கார்ந்து மேலேயிருந்து ஊரைப் பார்த்தவன் சொல்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் நம் தெரு மாதிரித் தெருக்கள் ரொம்ப அழகு. வீட்டுக்கு முன்னால் வரிசையாகப் பச்சை. ஆனால் அந்தப் பத்தடிக்குள் குடியிருக்க முடியாமல் போனவர்கள் எங்கேயோ போயிருக்கிறார்கள் இல்லையா? எங்களைப் போல.

நாங்கள் இருக்கிற வீடு உனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக வா வா என்கிறேன், நீ வரவில்லை. முன்கட்டடத்துக்குப் பின்னால் கீழ்த்தளம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அந்த வீட்டில் பாத்திரத்தில் கரண்டி உரசுவது எங்கள் படுக்கையில் கேட்கும். பாப்பா பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் தூக்கி வைத்த கட்டடங்களில் எத்தனையோ பேர் மேகத்தைப் பார்த்தபடி காபி குடிக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்தால் மழை பெய்கிறதா இல்லையா என்று வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

உனக்கு நாலு மணி வெயில் வேண்டும். சரி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக யாரும் மேலே கட்டக்கூடாது என்றால், மற்றவர்கள் எங்கே போவார்கள்? அந்த மனுவில் என் பெயர் இருப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எடுத்துவிடு.

கோபமாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள். இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதியது இது.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள குட்டை,

உன் பெயரை எடுக்கப் போனேன். போனதில் எனக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போய்விட்டது.

அலுவலகத்தில் வரைபடப் பிரிவு என்று ஒரு நீளமான அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. பொறுமையான மனிதர்தான். மனுவிலிருந்து ஒரு பெயரை மட்டும் நீக்க வழியில்லை, கூட்டத்துக்கு வந்து வாயால் சொல்லுங்கள் என்றார். வந்தது வந்தோம் என்று, புது விதி வந்தால் எங்கள் வீட்டில் எவ்வளவு கட்டலாம் என்று கேட்டேன். (ஆமாம், நீ கேட்டதைத்தான்.)

"மேல போகப் போக ரெண்டு பக்கமும் கூடுதலா இடம் விடணும்மா. காத்து, வெளிச்சம், தீயணைப்பு வண்டி, எல்லாம் இருக்குல்ல?"

"எங்க மனையோட அகலமே அவ்வளவுதானே சார்?"

"அப்ப மேல போகாதீங்க."

"போகலாம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே?"

"போகலாம்மா. உங்களால முடியாது, அவ்வளவுதான்."

ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினார். இரண்டு பக்கமும் அவர் சொன்ன அளவு விட்டால் மிஞ்சுவது, நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி. அதில் நீ கட்டில் போட்டால் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் கண்ணாடிக்கடைக்காரர் காத்திருக்கிறார். நம் மனையையும் அவர் மனையையும் ஒன்றாக்கினால் அகலம் சரியாக வருமாம், நாலு மாடியும் போகலாமாம். "உங்களுக்கு ஒரு தளம், தம்பிக்கு ஒரு தளம், நடுவுல இந்த மதில் எதுக்கு?" என்கிறார். அந்த மதிலுக்காக அவரும் நம் அப்பாவும் எத்தனை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள்! இப்போது ஒரு விதி வந்து இரண்டு வீட்டையும் ஒட்டவைக்கப் பார்க்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. டீச்சர் சொல்வார், இந்தப் பத்தடி இருப்பதால்தான் இந்தத் தெருவில் மனுஷருக்கு மனுஷர் முகம் கொடுத்துப் பேசுகிறோம் என்று. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் நம் தெரு திரும்புகிற வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்தேன். அங்கே வீடுகள் விதி வருவதற்கு முன்னால் கட்டியவை, வாசற்படி இறங்கினால் தெரு. அங்கே பார்த்தால் படிக்கட்டில் நாலு பேர், ஜன்னலில் இரண்டு பேர், ஒருத்தி உள்ளே இருந்தபடியே தெருவில் போகிறவனிடம் வெங்காயம் வாங்கிவரச் சொல்கிறாள். நம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கேட்டைச் சாத்திவிட்டு அவரவர் செடிக்கு அவரவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். நானும்தான். டீச்சர் வீட்டுக்குள் நான் கடைசியாகப் போனது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே வரவில்லை.

அப்படியானால் எது நல்லது? இடைவெளியா, நெருக்கமா? நெருக்கம் நல்லது என்றால் நீ ஏன் அந்தச் சுவரைப் பார்த்து நொந்துபோகிறாய்? எனக்கு மண்டை காய்கிறது. கட்டடம் கட்டுகிறவன் நீ. நீயாவது சொல்.

நீ தகவல் கேட்டது எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இது கேட்பதாகாது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

எது நல்லது என்று எனக்குத் தெரியாது. நான் கட்டுகிறவன் இல்லை, தூக்குகிறவன். இப்போது அதுவும் இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். ஜனவரியில் ஒரு நாள் காலை. கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கீழே சைகை காட்டுகிறவர் கையை அசைத்தார். கையோடு சேர்ந்து தரையும் அசைந்தது. நாங்கள் எழுப்பிய கட்டடம் மெதுவாக ஒரு பக்கம் சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். வாக்கிடாக்கியில், "ஓடுங்க, ஓடுங்க, சாயுது" என்று கத்தினேன். யாரும் ஓடவில்லை. எல்லாரும் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

கட்டடம் அசையவே இல்லை அக்கா. சாய்ந்தது நான்.

சுமையைப் பத்திரமாக இறக்கிவிட்டேன். அது எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கை தானாகச் செய்தது. ஆனால் நான் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் ஏறி வந்து, ஒருவர் மேலே ஒருவர் கீழே நின்று, குழந்தையை இறக்குவதுபோல என்னை இறக்கினார்கள். டாக்டர் காதுக்குள் கோளாறு என்றார். பயிற்சி செய்தால் குறையுமாம். ஆனால் இனிமேல் உயரம் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாமான் கிடங்கில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.

அதனால்தான் திரும்பி வரலாமா என்று நினைத்தேன். வந்து உன் வீட்டில் ஒட்டிக்கொள்ள மனசு வரவில்லை. "நம் வீடு" என்று நீ எழுதுகிறாய், ஆனால் இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டது நீ. மேலே ஒரு தளம் எழுப்பிக்கொண்டால் நீ கீழே, நாங்கள் மேலே, உனக்குத் தொந்தரவில்லை என்று கணக்குப் போட்டேன். மாடியில் ஏற்கெனவே ஒரு அறை இருக்கிறது, அதற்கு மேல் போக விதி மாற வேண்டும். அதைத்தான் விசாரித்தேன். அதே வாரம் நீ என் பெயரில் அந்த விதியை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாய். நான் கத்தியது அதற்குத்தான்.

"அக்காகிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே, என்ன ஊமை நாடகம் இது?" என்று உன் தம்பி மனைவி என்னைத் திட்டுகிறாள். நேராகக் கேட்டு நீ தயங்கினால், அந்தத் தயக்கத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

கூட்டத்தில் என் பெயரை எடுத்துவிடு. இல்லை, இருக்கட்டும். உன் வெயிலைக் கெடுத்து நான் அங்கே வந்து என்ன செய்யப் போகிறேன்? எனக்கே தெரியவில்லை. நீ பார்த்துச் செய்.

தம்பி


மார்ச் 30

குட்டை,

ஜனவரியிலிருந்தா? உன் அக்கா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்பது மறந்துபோயிற்றா? உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் படித்தேன். அடுத்து வந்த நோயாளியிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கண் பிதுங்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் காது டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், உன் ரிப்போர்ட் எல்லாம் அவருக்கு வேண்டும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் நேற்று முடிந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பக்கம், டீச்சர் மறுபக்கம், நடுவில் நடைபாதை. நான் உள்ளே போனதும் இரண்டு பேருமே பக்கத்து நாற்காலியில் கை வைத்து இடம் காட்டினார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

முதலில் எதிர்த்துப் பேசுவதாக இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு ஆதரித்துப் பேசுவதாக முடிவு செய்தேன். மண்டபத்துக்கு நடந்துபோகும்போது, ஆதரித்தால் நாலடி விட்டு நாலு மாடி எழுந்து டீச்சர் வீடு இருட்டாகிவிடுமே என்று இருந்தது. என் முறை வந்தது. எழுந்தேன். குறிப்பெடுக்கிற பெண், "ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கு வெளிச்சம் வேணும். என் தம்பிக்கு இடம் வேணும். ரெண்டும் ஒரே வீடு" என்றேன்.

"அதில்லம்மா. ஆதரவா, எதிர்ப்பா?"

"தெரியலைம்மா."

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னு எழுத இங்க கட்டம் இல்லை" என்றாள், ரொம்ப வருத்தமாக. அப்புறம் பக்கத்தில் ஓரமாக ஏதோ எழுதிக்கொண்டாள். உன் பெயரை மனுவிலிருந்து எடுக்க வேண்டும், அதை நான்தான் கேட்காமல் போட்டேன் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது கண்ணாடிக்கடைக்காரர் பார்க்காதது மாதிரிப் போனார். டீச்சர் பார்த்துவிட்டுப் போனார். அது இன்னும் மோசம்.

முடிவைக் கேள். இரண்டு மாடி வரை போகலாம். முன்பக்கம் பத்தடி அப்படியே இருக்கும். பக்கவாட்டில் அந்தக் கூடுதல் இடமும் கட்டாயம். அதாவது பழைய வீட்டின்மேல் ஒரு முழுத்தளம் எழுப்ப நம்மால் முடியாது. கண்ணாடிக்கடைக்காரரின் நாலு மாடியும் இல்லை. டீச்சர் கேட்டபடி பழைய விதியும் இல்லை. ஒருவருக்கும் சந்தோஷமில்லை. அந்த அதிகாரி மட்டும் ஃபைலை மூடியபோது நிம்மதியாக இருந்தார்.

உன் தளம் போயிற்று. ஆனால் நீ வருவதற்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்? கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, மொட்டைமாடி. நாலு பேருக்கு இது போதாதா? நான் தயங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். தயங்கினேன்தான். பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது. வீட்டை இடித்தால் என்னை எங்கே வைப்பீர்கள் என்ற பயமும் இருந்தது. அதை மறைக்க வெயிலைப் பற்றி நிறையப் பேசிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் வா.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ வா என்று எழுதியதைப் படித்துவிட்டு அவள் அழுதாள். பாப்பா உடனே புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். நான்தான் இப்போது கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறேன்.

சிரிக்காதே. இந்த வீட்டை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன வாரம் குளியலறையிலிருந்து வரும்போது தலை சுற்றியது. இரண்டு கையையும் நீட்டினேன். இரண்டு பக்கமும் சுவர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அறைக்கு வந்துவிட்டேன். சந்திலும் அப்படித்தான், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே தெருவரை போய்விடலாம். நான் வெறுத்த நெருக்கம்தான் இப்போது என்னைப் பிடித்து நடத்துகிறது. அன்றைக்கு ஒரு நாள் மைதானத்தின் குறுக்கே நடக்கப் பார்த்தேன். நடுவில் நின்றுவிட்டேன். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பாப்பா வந்து தோளைக் கொடுத்தாள்.

நீ கேட்டாயே, எது நல்லது என்று. எனக்கு இன்னும் குழப்பம்தான். உடம்பு ஒன்று சொல்கிறது, மனசு வேறொன்று சொல்கிறது.

கிடங்கு மேலாளர், இங்கேயே இருங்கள் என்கிறார். அங்கே வந்தால் எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. மேலே ஒரு அறை இருக்கிறது என்கிறாய். அது போதும், நாங்கள் மூன்று பேரும் அதில் சமாளித்துக்கொள்வோம், உன் முன்னறையைத் தொட மாட்டோம். ஆனால் அந்தப் படிக்கட்டு வெளிப்பக்கமாக, ஒரு பக்கம் கைப்பிடி இல்லாமல் இருக்குமே, அப்படியேதான் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள குட்டை,

சும்மா கேட்டேன் என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். படிக்கட்டைப் போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறவள், இதுவரை என் கண்ணில் படவே இல்லை. தலைசுற்றல் உள்ள ஒருவனை அதில் ஏற்றினால் என்னைப் போலீஸ் பிடிக்க வேண்டும்.

நாம் இரண்டு பேரும் என்ன முட்டாள்கள்! மூன்று மாதமாக உனக்காக மேலே ஒரு தளம் வருமா வராதா என்று சண்டை, மனு, கூட்டம், கையெழுத்து. உயரமே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவனுக்கு! இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்கடைக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். "தம்பிக்கு உடம்பு இப்படின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டேனே" என்றார். அவர் போட்டிருப்பார். இருந்தாலும் அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

முடிவு செய்துவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் கீழே. நான் மேலே போய்விட்டேன். போகப் போகிறேன் என்று எழுதவில்லை, போய்விட்டேன். நேற்று ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு வார்டு பையன்கள் வந்து கட்டிலை ஏற்றிக் கொடுத்தார்கள். அலமாரி மட்டும் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு டீச்சர் வந்தார், கீழே நின்று, "இடது பக்கம் சாய்ங்க, இடது பக்கம்" என்று வகுப்பெடுக்கிற குரலில் மேற்பார்வை செய்தார். அலமாரி போன பிறகு என் புது அறைக்கு ஏறி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, "அப்ப நீங்க கடைசியில எந்தப் பக்கம்?" என்றார்.

"மேல் பக்கம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

எதுவும் தீரவில்லை, குட்டை. விதியில் திருத்தம் வரும் என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்கிறார், வராது என்று டீச்சர் சொல்கிறார். வளைவுக்கு அந்தப் பக்க வீடுகளும் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு. அப்படித் தள்ளினால் அந்தப் படிக்கட்டு மனிதர்கள் எங்கே உட்காருவார்கள்? எனக்குப் புரியவில்லை. உன் வேலை என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. ஒரே வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் சண்டையில்லாமல் இருப்போமா, அதுவும் தெரியவில்லை.

கீழே நடைவழியில் இரண்டு பக்கச் சுவரிலும் கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முன்பக்கத்தில் வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஒன்று. அது வெறும் கம்பிதான் என்பதால் பத்தடிக்குள் போடலாமாம், அந்த அதிகாரியிடமே கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமைக்கு வண்டி பேசிவிட்டேன், அது உங்களோடு வந்து நிற்கும்போது நான் மேலே துணி மடித்துக்கொண்டிருப்பேன். போனெல்லாம் செய்யாதே. கீழே நின்று அக்கா என்று கூப்பிட்டால் மேலே கேட்கும், நம் வீடு அவ்வளவு உயரம்தான்.

அக்கா